சோடா கம்பெனிக்கு நான் போட்ட பூட்டு

நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பெரிய ஆலையைச் சோதனை செய்வது கஷ்டமா, சின்னக் கடையையா என்று ஒருவர் கேட்டார். சின்னக் கடைதான் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். காரணம் சொல்வதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டீர்கள். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

பெரிய ஆலையில் மானேஜர் ஒருவர் நாற்காலி போடுவார், காகிதங்களைக் காட்டுவார். நாம் எழுதும் குறிப்பு அவர் வீட்டுச் சாப்பாட்டைத் தொடாது. சின்னக் கடையில் முதலாளியே மெஷின் பக்கத்தில் வேர்வையோடு நிற்பார். அங்கே நாம் காலையில் ஒரு முடிவு எடுத்தால், அது அன்று மாலையே ஐந்து வீட்டு அடுப்பில் தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவிதாங்கூர் சர்க்காரில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். புதுக்கடைதான் என் முதல் வட்டாரம். ஒரு சைக்கிள், ஒரு மருந்துப் பெட்டி, ஒரு சட்டப் புத்தகம், அரக்கு முத்திரை. மூன்று காப்பி கிளப்புகள், எண்ணெய்ச் செக்குகள், கயிறு திரிக்கும் களங்கள், ஒரு ரொட்டிக் கடை, ஒரு சோடா கம்பெனி என் பார்வையில் இருந்தன. சந்திப்பில் இருந்த காப்பி கிளப்புக்காரர் என் சைக்கிள் மணி கேட்டதும் தண்ணீர்ப் பானையை அடுப்பில் ஏற்றுவார். நான் உள்ளே நுழையும்போது அது கொதிக்கத் தொடங்கியிருக்கும். "கொதிக்க வைத்த நீரே உபயோகிக்கிறார்" என்று நானும் எழுதிவிட்டுப் போவேன். ஒரு வருடம் கழித்துத்தான், மணி அடிக்காமல் போய்ப் பார்க்கத் தோன்றியது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு.

சோடா கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு முறி (அறையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பின்னால் ஒரு கிணறு, முன்னால் ஒரு மாட்டு வண்டி. கோலி சோடாவை அந்தப் பக்கத்தில் வட்டு சோடா என்பார்கள். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, காஸைத் திறந்துவிட்டுக் கையால் சுற்ற வேண்டும். சுற்றும்போதோ, கூண்டிலிருந்து எடுக்கும்போதோ சில பாட்டில்கள் வெடிக்கும். அதற்காக நிரப்புகிறவர் முகத்தில் கம்பி வலை கட்டிக்கொள்வார், கையில் சாக்கு உறை மாட்டிக்கொள்வார்.

முதலாளி பெயர் அசன் கண்ணு. தேங்காய்ப்பட்டணத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். கொழும்பில் ஒரு சோடா கம்பெனியில் கூலிக்கு நின்று தொழில் கற்று, ஊர் திரும்பி இதைத் தொடங்கியவர். மெஷினில் நிற்பவர் ஞானமுத்து. மலைப்பக்கத்துக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், அதிகம் பேசாத மனிதர், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். பாட்டில் கழுவ இரண்டு பெண்கள். அவர்களில் மூத்தவள் தங்கம்மை. இவர்களோடு வண்டிக்காரர் ஒருவர். இவ்வளவுதான் கம்பெனி.

அந்த வருட மழையில் கடற்கரைப் பக்கம் வாந்திபேதி தொடங்கியது. பேதி வந்தால் ஜனங்களுக்குச் சாதாரணத் தண்ணீர் மேல் பயம் வந்துவிடும், சோடா மேல் நம்பிக்கை வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோடா வாங்கப் போவார்கள். அசன் கண்ணுவின் வண்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடற்கரைக்குப் போய்வந்தது. நான் அவருடைய கிணற்றைப் பார்க்கப் போனேன். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து, மேட்டுத் தெருவிலிருந்து வரும் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை எடுத்து அனுப்பினால் திருவனந்தபுரத்திலிருந்து பதில் வர எத்தனை நாளாகுமோ தெரியாது. சோடாவுக்குள் கிருமி பிழைக்குமா என்று டாக்டர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் கழுவிய பாட்டில் கழுத்தில்தான் ஊரே வாய் வைக்கிறது.

நான் அதிகம் யோசிக்கவில்லை. எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். முறியைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்தேன். அசன் கண்ணு சத்தம் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஸாறே, கெணறு கேடுண்ணா கெணத்தெ மூடுங்க. மெஷினெ எதுக்குப் பூட்டுதிய?"

நல்ல கேள்வி. நான் சட்டப் பிரிவின் எண்ணைச் சொன்னேன்.

"எப்பம் தொறப்பிய?"

"உத்தரவு வரும்போது."

ஞானமுத்து கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் இரண்டு பேரும் ஈரப் புடவையோடு தெருவில் நின்றார்கள். இனி இவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் எழுதிய அறிக்கை மிக நன்றாக இருந்தது. மேலே இருந்த டாக்டர் அதன் ஓரத்தில் பச்சை மையால் பாராட்டி ஒரு வார்த்தை எழுதி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஞானமுத்துவின் மனைவி எஸ்தர் என் ஆபீசுக்கு வந்தாள். ஆபீஸ் என்பது பஜாரில் ஒரு மாடி முறி. அவள் படி ஏறி வந்து வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தன் கணவர் இரண்டு நாளாக மிஷன் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், பாட்டில் வெடித்து வலது கண்ணில் கண்ணாடி பாய்ந்துவிட்டதாகவும் சொன்னாள். கம்பெனிதான் பூட்டியிருக்கிறதே, எந்தப் பாட்டில் என்று கேட்டேன்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அசன் கண்ணுவிடம் பழைய மெஷின் ஒன்று இருந்தது. கூண்டின் கீல் உடைந்ததால் ஒதுக்கிப் போட்டது. நான் பூட்டிய மூன்றாம் நாள் அதை அவர் வீட்டுக்குப் பின்னால் ஓலைப்புரையில் (ஓலைக் கொட்டகையில்) தூக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பக்கத்துக் குளத்திலிருந்து. வண்டி அதிகாலையில் சாக்கு மூடிக்கொண்டு கிளம்பும். கடற்கரையில் சோடா இரண்டு நாள்தான் நின்றிருக்கிறது. நான்தான் நின்றேவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகத்தில் வலை கட்டவில்லையா என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும்.

"ஸாறே, ஒங்களெக் கொற சொல்ல நான் வரல்லெ. அந்த வலெ நீங்க பூட்டுன முறிக்குள்ளயாக்கும் கெடக்கு."

அவள் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. ஒரு சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். ஓலைப்புரையில் சோடா அடித்ததைப் போலீசில் சொல்லிவிட வேண்டாம். முதலாளி ஜெயிலுக்குப் போனால், கண் போனவருக்கு அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள். அதற்காகத்தான் நடந்தே வந்திருந்தாள்.

அன்று மத்தியானம் சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஞானமுத்து நீண்ட வராந்தாவில் ஒரு கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். மற்றக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அதையும் கட்டியிருக்கிறது என்று சொன்னார்கள். நான் யாரென்று சொன்னதும் எழுந்து உட்கார முயன்றார். வேண்டாம் என்றேன். ஆனாலும் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஸாறே, ஒரு காரியம் கேக்கட்டா? வலெ கெட்டியிருந்தா கண்ணு தப்பியிருக்குமா?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. கண்ணாடி எப்படி வேண்டுமானாலும் பாயும் என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் கேட்க விரும்பினாரோ என்னவோ.

"தப்பியிருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வந்தது.

அந்த வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். பெயரை எழுத வேண்டாம். பேதி வார்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வரும்போது கையைக் கழுவிக்கொண்டே என்னை நிறுத்தினார். கம்பெனியை எதற்காகப் பூட்டினீர்கள் என்று கேட்டார். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். என் சர்வீஸில் வேறு எந்தப் பேச்சும் எனக்கு இந்த அளவு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்லை.

"பாட்டில் கழுவுற பெண்ணுங்கள்ல ஒருத்திக்கு வயித்தால போனா, ஒங்ககிட்டச் சொல்லுவாளா?"

"சொல்லமாட்டாள்."

"மொதலாளிகிட்ட?"

"அதுவும் சொல்லமாட்டாள். வேறு ஆளை எடுத்துவிடுவார்."

"அப்பம் நீங்க பூட்டுன முறிக்குள்ளயா தீனம் இருக்கு?"

தீனம் என்றால் நோய். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தபடியே சொன்னார், அந்தப் பெண்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள் என்று.

தங்கம்மையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. அவள் சந்திப்புக் காப்பி கிளப்பின் பின்பக்கம் ஒரு தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பூட்டிய மறுநாளே அங்கே சேர்ந்திருக்கிறாள். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டேன். சுகம் என்றாள். இரண்டாவது தடவை கேட்டேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, கணவருக்கு நேற்றிலிருந்து வாந்தியும் வயிற்றோட்டமும் என்றாள். அவர் துணியையெல்லாம் இவள்தான் அலசிவிட்டு வந்திருக்கிறாள். இப்படி இருக்கும்போது ஏன் வேலைக்கு வந்தாய் என்று கேட்டுவிட்டேன்.

"வரல்லேண்ணா, அவருக்குக் கஞ்சிக்கு அரிசி ஆரு தருவா ஸாறே?"

நேரான கேள்வி. சட்டப் புத்தகத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன், எல்லா டம்ளரையும் கொதிநீரில் போடச் சொன்னேன், அவள் கணவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவர் பிழைத்தார். ஆனால் அந்த வாரத்துக்குள் அந்த கிளப்பில் காப்பி குடித்தவர்களில் மூன்று பேருக்குப் பேதி கண்டது. அவர்களில் மணவாளக்குறிச்சியிலிருந்து உப்பு ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் இறந்துபோனார். அது தங்கம்மையின் கையால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வேறு வழியாகவும் வந்திருக்கலாம். ஆனால் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவளை டம்ளர் கழுவ அனுப்பியது என் பூட்டு. இந்தத் தொடர்பு அன்றைய என் அறிக்கைகள் எதிலும் இல்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தான். முத்திரை வைத்த பிறகும் சோடா அடித்த செய்தி அங்கே எட்டிவிட்டது. அசன் கண்ணு மேல் புகார் எழுதி மாலைக்குள் அனுப்ப வேண்டும். நாலு வரிதான். எழுதினால் குழித்துறைக் கோர்ட்டில் அவரை நிறுத்துவார்கள். பேதிக் காலம் என்பதால் தண்டனை கடுமையாகவே இருக்கும். எழுதாவிட்டால் ஒரு குற்றத்தை நான் மறைத்ததாகும். கடற்கரையில் ஜனங்கள் சோடா கேட்பதை இரண்டும் நிறுத்தாது. அசன் கண்ணு உள்ளே போனால், வேறொருவர் வேறொரு ஓலைப்புரையில், வேறொரு குளத்துத் தண்ணீரில் அடிப்பார். அந்த இடம் எனக்குத் தெரியவே தெரியாது.

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாலு வரிக்குப் பதில் நாலு பக்கம் எழுதினேன். ஓலைப்புரையை எழுதினேன், ஞானமுத்துவின் கண்ணை எழுதினேன், முகவலையை உள்ளே வைத்துப் பூட்டியது நான் என்றும் எழுதினேன். அசன் கண்ணு செய்தது குற்றம், ஆனால் அவரைச் சிறையில் வைப்பதால் நோய் குறையாது, என் கண் முன்னால் தொழிலை நடத்தவைத்தால் குறையும், முத்திரையை உடைக்க அனுமதி வேண்டும் என்று முடித்தேன். காகிதம் மேலே போய்த் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். நான் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் என் கையாலேயே அரக்கை உடைத்தேன். இதை உங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் ஆணியில் முகவலை தொங்கிக்கொண்டிருந்தது. அசன் கண்ணு அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார்.

கம்பெனி ஆட்கள் எல்லாரையும் அங்கேயே உட்காரவைத்தேன். எஸ்தரையும் வரச் சொல்லியிருந்தேன். கிணறு வேண்டாம் என்று முடிவாயிற்று. மேட்டில் சபைக்குச் சொந்தமான கிணறு இருந்தது. நல்ல கட்டு, மூடி உண்டு. சோடா கம்பெனி வண்டிக்கு அங்கே தண்ணீர் கொடுப்பதா என்று சபையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சபையின் ஜெபக்கூட்டங்களை நடத்தும் உபதேசியார் தாமே முதல் வாளியை இறைத்து வண்டியில் இருந்த மிடாவில் ஊற்றினார். அதோடு முணுமுணுப்பு நின்றது. நெல் அவிக்கிற பெரிய செம்புப் பாத்திரம் ஒன்றை அரிசி வியாபாரி ஒருவர் இரவல் தந்தார். கழுவுவதும் நிரப்புவதும் அதில் கொதித்து ஆறிய தண்ணீரில். முகவலை இல்லாமல் யாரும் கூண்டைத் தொடக் கூடாது. இதெல்லாம் சுலபமாக முடிந்தது. நீங்களும் இதையெல்லாம் சுலபமாக முடிப்பீர்கள்.

சிக்கல் வந்தது கடைசி விஷயத்தில். வயிறு சரியில்லாதவர், அல்லது வீட்டில் யாருக்காவது பேதி கண்டவர், வேலைக்கு வரக் கூடாது. வராத நாளுக்கும் அவர் வீட்டுக்கு அரிசி போக வேண்டும். திரும்பி வரும்போது அவருடைய இடம் அவருக்கே இருக்க வேண்டும். அசன் கண்ணு இதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஸாறே, நாளைக்கு நாலுபேரும் வயித்துவேதனைண்ணு வீட்டுல இருந்தா நான் என்ன செய்ய? நானும் பிள்ளெகுட்டிக்காரனாக்கும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சுவர் ஓரத்தில் நின்றிருந்த எஸ்தர் பேசினாள்.

"மொதலாளி, கள்ளம் பறயுத ஆளா இருந்தா, எங்க வீட்டுக்காரரு அந்த ஒடஞ்ச மெஷினுல நிண்ணிருப்பாரா?"

அசன் கண்ணு அவளைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரிசி முழுவதும் தன்னால் முடியாது, முடிந்த பங்கு தருகிறேன் என்றார்.

மீதிப் பங்கு எங்கிருந்து வரும்? அப்போதுதான் எனக்கு உருப்படியான ஒரு எண்ணம் தோன்றியது. காப்பி கிளப்புக்காரர்கள் மூன்று பேரையும் ரொட்டிக் கடைக்காரரையும் ஒரே இடத்தில் கூட்டினேன். சந்திப்பு கிளப்பில் மூன்று பேருக்குப் பேதி கண்ட பிறகு பஜாரில் ஒரு கிளப்பிலும் ஆள் ஏறவில்லை. ஆகவே நான் நீளமாகப் பேச வேண்டியிருக்கவில்லை. ஒரு கடையில் வேலை செய்கிறவள் நோயை மறைத்தால் ஐந்து கடையும் காலியாகிறது என்பதை அவர்களே கண்ணால் பார்த்திருந்தார்கள். ரொட்டிக் கடையில் ஒரு மரப்பெட்டி வைத்தோம். ஒவ்வொரு கடையிலிருந்தும் தினம் இரண்டு நாழி அரிசி அதில் விழும். ஐந்து கடையில் எங்கே யார் படுத்தாலும் அவர் வீட்டுக்கு அதிலிருந்து போகும். உண்மையாகவே சுகமில்லையா என்று விசாரிப்பது என் வேலை அல்ல என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அதை அந்தக் கடைகளில் வேலை செய்கிறவர்களிடமே விட்டோம். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர்களுக்குத்தான் அரிசி குறையும். ஒரு சிலர் ஏமாற்றினார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மெஷினில் நிற்க ஞானமுத்து இல்லை. அசன் கண்ணுவே வலையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் நாள் வலைக் கயிற்றை அவர் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்தேன்.

என் நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. அசன் கண்ணுவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். உத்தரவு இல்லாமல் முத்திரையை உடைத்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். ஏற்கவில்லை. என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்பு வரி விழுந்தது. ரிட்டயர் ஆகும் வரைக்கும் அது இருந்தது. மேலே போகிற ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார். அது நியாயமில்லை என்று நான் எப்போதும் வாதாடியதில்லை. உத்தரவு இல்லாமல் உடைத்தது உண்மைதான். எனக்கு வர வேண்டிய கறுப்பு வரி வேறு ஒன்று. நல்ல அறிக்கை எழுதி, பச்சை மையில் பாராட்டு வாங்கின அந்த நாளுக்கானது. அதை யாரும் போடவில்லை.

ஞானமுத்துவின் வலது கண் போய்விட்டது. மற்றது தப்பியது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு கம்பெனிக்கு வந்தார். அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கூலியை நான் கொடுத்துவிடுகிறேன் என்று அசன் கண்ணு சொல்லியிருக்கிறார். ஞானமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. கழுவி வரும் ஒவ்வொரு பாட்டிலையும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். கீறல் விழுந்த பாட்டிலின் ஒலி மட்டமாக இருக்குமாம். அவற்றைத் தனியே ஒதுக்குவார். அவர் தட்டத் தொடங்கிய பிறகு அங்கே பாட்டில் வெடித்தது மிகவும் அபூர்வம். நான் போகும்போதெல்லாம் எழுந்து நிற்பார். நான் சுகம் கேட்டால் தலையை ஆட்டுவார். நான் தோவாளைக்கு மாற்றலாகிப் போகிற வரைக்கும் அவர் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. உங்களை எல்லாரும் மன்னிப்பார்கள் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

உங்களிடம் பூட்டும் இருக்கும், அரக்கும் இருக்கும். தேவைப்படும்போது பயன்படுத்தத்தான் வேண்டும். பிற்காலத்தில் நானும் பல கதவுகளைப் பூட்டியிருக்கிறேன். ஆனால் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே போய், சுவரில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பேன். வெளியே நிற்பவர்களிடம் நாளைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்பேன். சில சமயம் அவர்கள் பதில் சொல்வார்கள். சில சமயம் திட்டுவார்கள். இரண்டும் எனக்குத் தேவையான விவரம்தான்.

அடுத்த வருட மழையில் மறுபடியும் பேதி வந்தது. அவ்வளவு கடுமையாக இல்லை. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். சோடா கம்பெனிப் பக்கம் போனேன். முகவலை கட்டி வண்டிக்காரர் மெஷினைச் சுற்றும் சத்தம் உள்ளே கேட்டது. எதிர்ப்பக்கம், தெருவுக்கு அப்பால் பூவரச மரத்தடியில், ஒரு கல்லின் மேல் அசன் கண்ணு தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. சைக்கிளை நிறுத்தி, ஏன் இங்கே என்று கேட்டேன்.

"ராத்திரி மூணு தடவெ வயித்தால போச்சு ஸாறே. நான் இண்ணைக்கு உள்ள கேறப்பிடாது."

பேதியாக இருக்காது, சாதாரண வயிற்றுக்கோளாறுதான் என்று அவரே சொன்னார். பிறகு பார்த்ததில் அதுவும் சரிதான். வீட்டில் படுத்திருக்கலாமே என்றேன். வீட்டில் இருந்தால் மனசு கேட்கவில்லை, இங்கிருந்தால் சத்தமாவது காதில் விழும் என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தன் பழைய வேலைக்கே திரும்பியிருந்த தங்கம்மை கம்பெனிக்குள்ளிருந்து ஒரு கிண்ணியில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்தில் வரவில்லை. தெருவின் நடுவில் ஒரு செங்கல்லின் மேல் வைத்துவிட்டு, குடித்த பிறகு கிண்ணியை அங்கேயே வைக்கும்படியும், தான் கொதிநீர் ஊற்றி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டு வந்து குடித்தார்.

மூன்று நாள் அவர் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். அங்கே அப்போது பூட்டு எதுவும் இல்லை. நாலாவது நாள், நான் இனி உள்ளே வரலாமா என்று அவர் வாசலில் நின்று கேட்டது தங்கம்மையிடம்.